இரண்டு வருஷத் தூக்கம்

ஆகஸ்ட் 9, 1961. புதன்.

கரும்பலகையில் 'காவிரியின் குறுக்கே மேட்டூரில்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். 'மே' எழுதியது நினைவிருக்கிறது. அடுத்து கேட்டது பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். பார்த்தால் சாக்கட்டி ஒரு கோடு இழுத்துக்கொண்டு பலகையின் அடிச்சட்டம் வரை இறங்கியிருக்கிறது. என் நெற்றி பலகையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நின்றபடியே தூங்கியிருக்கிறேன். எவ்வளவு நேரம்? ஒரு நொடியா, ஒரு நிமிஷமா?

நெற்றியில் வெள்ளைத் தூளோடு மதியம் வரை நடமாடியிருக்கிறேன். தையல் டீச்சர் சொன்ன பிறகுதான் துடைத்தேன்.

நேற்று இரவு ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவே கொஞ்சம் தூங்கினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 11. வெள்ளி.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உதவிச் சாமியார் வீடு சந்திக்க வந்தார். சின்ன வயசு. என் வீட்டுக்காரர் கூடத்தில் பகல் தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்று சாமியார் கேட்டார். சொன்னேன். எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியாயிற்று!

ஐம்பத்தொன்பது மார்ச்சில் ஓமலூர் ரோட்டில் மின்கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தவர் கீழே விழுந்தார். தலையில் அடி. பதினெட்டு நாள் நினைவில்லை. பிழைத்து எழுந்தபோது கை கால் நன்றாக இருந்தது, பேச்சு குறைந்துபோயிற்று, பகலும் இரவும் தலைகீழாக மாறிவிட்டது. பகலெல்லாம் தூங்குகிறார். இருட்டினால் எழுந்துவிடுகிறார். எந்தத் தெருவில் எந்த விளக்கு எரியவில்லை என்று பார்க்கப் போகவேண்டுமாம். கதவைப் பூட்டினால் இடிக்கிறார், அக்கம்பக்கம் திட்டுகிறது. பூட்டாவிட்டால் போய்விடுகிறார். அதனால் அவர் மணிக்கட்டையும் என் கால் கட்டைவிரலையும் ஒரு நூல்கயிற்றால் கட்டிக்கொண்டு படுக்கிறேன். அவர் எழுந்தால் கயிறு இழுக்கும், நானும் எழுவேன். ராத்திரிக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை.

கயிற்றைப் பற்றி மட்டும் சாமியாரிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

"ஆண்டவர் உங்களுக்குக் கொடுத்த சிலுவை" என்றார். எனக்கு அப்போது காபி கொதித்து வழியும் வாசனை வந்தது. ஓடினேன்.

ஆகஸ்ட் 15.

மாதா திருநாள். பாட்டுப்பூசையில் முழங்காலிட்டபடி தூங்கி முன் பெஞ்சில் முகம் மோதியது. உதடு கிழிந்துவிட்டது. ரத்தத்தோடு நன்மை அப்பம் வாங்கப் பயந்து பின்னால் வந்துவிட்டேன். பிற்பாடு பள்ளிக்கூடத்தில் கொடியேற்று விழா, மிட்டாய், பாட்டு. ஒன்றும் ஞாபகமில்லை.

ஆகஸ்ட் 24.

ஒரு மாதம் முன்பு அடுப்பில் சுட்டுக்கொண்ட புண் இன்னும் ஆறவில்லை. இரண்டு மாதமாக வீட்டுக்கு விலக்காகவில்லை. பிள்ளை என்று நினைப்பதற்கு இடமே இல்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. எனக்கு முப்பத்துநாலு வயது. கண்ணாடியில் தெரிகிறவளுக்கு ஐம்பது.

காசநோயாக இருக்குமோ? இருந்தால் என்ன செய்வேன், இவரை யாரிடம் விடுவேன் – அதுதான் முதலில் தோன்றியது.

செப்டம்பர் 2. சனி.

வெட்கத்தை விட்டு ஆத்தூருக்குப் போனேன். இவருடைய அண்ணன் உபகாரசாமி அங்கே அரிசி ஆலையில் இருக்கிறார். "ஒரு மாசம் மட்டும் வெச்சுக்குங்க மாமா. நான் தூங்கி எழுந்திருச்சு கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றேன்.

"ஏம்மா, புருஷனைப் பாத்துக்கிறது ஒரு வேலையா? பொம்பளைங்க எல்லாரும் செய்யறதுதானே" என்று சிரித்தார். ஆனால் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் தனியாக வந்தேன். சேலம் வந்ததும் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார்.

செப்டம்பர் 3.

வீடு காலி. படுத்தேன். மணிக்கொரு தரம் கட்டைவிரலைக் கயிறு இழுத்தது. கயிறே இல்லை. எழுந்து உட்கார்ந்து காலைத் தடவிப் பார்த்தேன். தூங்கக்கூட மறந்துவிட்டதா இந்த உடம்பு?

செப்டம்பர் 5.

நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன்! காலையில் வெளிச்சம் கண்ணைக் குத்தவில்லை.

மாலையில் பள்ளியிலிருந்து வந்தால் வாசலில் உபகாரசாமி. பக்கத்தில் இவர், பையோடு. மூத்தவர் கண் இரண்டும் கோவைப்பழம்.

"மூணு ராத்திரிம்மா. ஊட்ல ஒருத்தர் தூங்கல. நான் மில்லுல பெல்ட்டுக்குள்ள கைய விடப் பாத்தேன். மன்னிச்சுக்க."

தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். போகும்போது திரும்பி, "ரெண்டு வருஷமா இதையா செய்யறே?" என்று கேட்டார். இவர் பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தெருக்கோடி விளக்கு எரியுதா இன்னாசி?" என்றார். என் பெயரைச் சொல்லி நாளாயிற்று. அழுதுவிட்டேன்.

செப்டம்பர் 14.

அலமாரி மேல் ஒரு கறுப்புப் பூனை உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூட அலமாரி. பிள்ளைகளைப் பார்த்து, "அதை விரட்டுங்கடி" என்றேன். நாற்பது பேரும் அலமாரியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 16.

பள்ளியை நடத்தும் மடத்துத் தலைவி மதரிடம் கேட்டேன், இரண்டு வாரம் லீவு கிடைக்குமா என்று. "காலாண்டுப் பரீட்சை நேரத்திலா? முணுமுணுக்காமல் தாங்குவதும் செபம்தான் இன்னாசிமேரி" என்றார். நல்லவர்தான். அவருக்கு மடத்தில் இரவு ஒன்பதுக்குப் படுக்கை மணி அடித்துவிடும்.

செப்டம்பர் 19.

இவர் செத்துப்போனால் நான் தூங்கலாம் என்று நினைத்தேன். அரைகுறையாக இல்லை. முழு வாக்கியமாக.

செப்டம்பர் 26. செவ்வாய்.

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இது நடக்கவில்லை என்று எனக்கே தோன்றிவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது பாடம். மூன்றாம் பெஞ்சில் சின்னாயி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. அப்பன் சடையன் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கூலி. தாய் பெருமாயி ஜவ்வரிசி ஆலையில். பெஞ்சில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து, எச்சில் வழிய, அப்படியொரு தூக்கம். முதுகு மெல்ல ஏறி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கிடைக்காத ஒன்றை என் கண்ணெதிரே தின்கிறாள் என்று தோன்றியது. ஆமாம், அப்படித்தான் தோன்றியது. பாடம் கவனிக்கவில்லை என்ற கோபம் இல்லை அது. பொறாமை.

தலைமயிரைப் பிடித்துத் தூக்கி அறைந்தேன். என் பலமெல்லாம் சேர்த்து. இடது காதோடு விழுந்தது. சத்தம் ஓலைப்பட்டாசு போல. அவள் அழக்கூட இல்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது.

அதற்குப் பிறகும் பாடம் நடத்தினேன். ஆண்டவரே, பாடம் நடத்தினேன்.

செப்டம்பர் 27.

சின்னாயி வந்தாள். காதில் பஞ்சு. நான் கேட்பதற்கு முன்னாலேயே கிட்ட வந்து ரகசியமாகச் சொன்னாள்: "கொழாயடியில வழுக்கி உழுந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேனுங்க டீச்சர்."

எனக்கு என்ன வந்தது தெரியுமா? நிம்மதி. "சரி, போய் உட்காரு" என்றேன்.

அக்டோபர் 5. வியாழன்.

கயிறு இழுத்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. விழித்தபோது விடிந்திருந்தது, கயிறு தரையில் கிடந்தது, கதவு திறந்திருந்தது.

வாசலில் செங்கோடன் நிற்கிறார், இவர் கையைப் பிடித்துக்கொண்டு. செங்கோடன் எங்களுக்குப் பின்வரிசை வீட்டில் குடியிருப்பவர். கடைவீதிக்கு ராக்காவல்காரர்.

"ஏனுங்க டீச்சரம்மா, சாரு ரயில் ரோட்டு மேல போயிட்டிருந்தாருங்க. கைகாட்டி விளக்கு அணைஞ்சு கெடக்குது, ஏறிப் பாக்கோணுங்கறாரு. கூட்ஸ் வண்டி வர்ற நேரமுங்க. நாம் போகலீன்னா..."

நான் நிலைப்படியில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நீங்க தூங்கி எத்தன நாளாச்சுங்க?" என்றார்.

இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் ராக்காவல்காரர்.

அக்டோபர் 7.

பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தேன். கண் இருட்டிவிட்டது. மதரே ரிக்ஷா வைத்து, தையல் டீச்சரைத் துணைக்குப் போட்டு, சிஸ்டர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டரம்மா ஒரு மலையாளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசுகிறார். ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு தடவை பார்த்து, நம்பாமல் மறுபடி பார்த்தார். புண்ணைப் பார்த்தார். விலக்கு நின்றதைக் கேட்டார்.

"ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்க?"

"ஒன்பது."

"எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"எழுந்திருக்கிறதுக்கு மொதல்ல தூங்கணுமே டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கயிற்றைப் பற்றியும் சொன்னேன். பூனையைப் பற்றியும். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்று கேட்டேன்.

"தூங்கவிடலேன்னா மூளை கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே கனவு காணும். அதுதான் பூனை. புண் ஆறுறது, ரத்தம் சீரா ஓடுறது, மாச விலக்கு, ஞாபகம், கோபத்தை அடக்குறது – இதுக்கெல்லாம் ராத்திரி வேணும். இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷத்துல பக்கவாதத்துல நீங்க படுப்பீங்க. அப்ப அவரை யார் பாப்பா?"

"தூங்க ஒரு மாத்திரை குடுங்க."

"குடுத்தா அவர் ரயில் ரோட்டுக்குப் போறது உங்களுக்குத் தெரியாது. பட்டினி கிடக்கிறவளுக்கு டானிக் குடுத்து என்ன செய்ய? ரத்தக் கொதிப்புக்கு மட்டும் மருந்து தரேன். மிச்சத்துக்கு ஆள்தான் மருந்து. ராத்திரிக்கு ஒரு ஆள் பிடிங்க."

"சிலுவைன்னு சொல்றாங்க டாக்டர்."

"ஆண்டவரோட சிலுவையைத் தூக்கறதுக்கே நடுவழியில துணைக்கு ஒருத்தரைப் பிடிச்சு நிறுத்தினாங்களே, அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார். சீட்டில் மருந்துக்குக் கீழே 'இரவில் ஏழு மணி நேரம் தூக்கம்' என்று எழுதி, மதரிடம் காட்டச் சொன்னார்.

கோபத்தை அடக்குவதற்கும் தூக்கம் வேண்டும் என்றாரே, அப்போது சின்னாயியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 8.

மதர் சீட்டை இரண்டு தடவை படித்தார். மூன்று வாரம் லீவு கொடுத்தார். "நீ இவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது" என்றார். நான்தான் வந்து கேட்டேனே. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 10.

ஆள் எங்கே பிடிப்பது? ராத்திரி முழுக்க ஒரு பைத்தியக்காரனோடு – தெருவில் அப்படித்தான் சொல்கிறார்கள் – யார் உட்காருவார்கள்? செங்கோடன் வீட்டுக்குப் போய் அவர் மனைவி கந்தம்மாளிடம், யாராவது தெரிந்த ஆள் உண்டா என்று கேட்டேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த செங்கோடன் எழுந்து வந்தார்.

"ஆள் எதுக்குங்க? ராத்திரி முச்சூடும் முழிச்சிருக்கறதுதானுங்க எம் பொழப்பு. சாரும் முழிச்சிருக்காரு. ரெண்டு பேரும் ஒண்ணா முழிச்சிருந்துட்டுப் போறமுங்க."

"தெருவிளக்கைப் பாத்தா நின்னுடுவாரே..."

"நிக்கட்டுமுங்க. எனக்கு மட்டும் என்ன அவசரம்? திருடன் வந்தா ரெண்டு பேரா இருந்தாப் பயப்படுவான்."

கந்தம்மாள், "கூட்டிட்டுப் போவாருங்க சாமி, நீங்க போய்ப் படுங்க" என்று என் தோளைத் தொட்டாள். யாரும் என்னைத் தொட்டு நாளாயிற்று.

அக்டோபர் 12.

நேற்று ஒன்பதுக்கு இவருக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்பினேன். கையில் செங்கோடனின் பழைய லாந்தரைப் பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து போனார். கதவைச் சாத்தினேன். பயத்தில் பன்னிரண்டு வரை தூக்கமில்லை. பிறகு எப்போது தூங்கினேன் என்று தெரியாது. ஐந்தரைக்குக் கதவு தட்டும் சத்தம். இவர் நிற்கிறார்.

"மேற்கே மூணு, பஜார்ல ஒண்ணு" என்றார். எரியாத விளக்குகளின் கணக்கு.

அக்டோபர் 29.

எட்டு மணி நேரம். புண் ஓரத்தில் தோல் மூடுகிறது. இவரும் இரண்டு மணிக்கு மேல் காவல் கொட்டகையில் சாக்குமேல் படுத்துத் தூங்குகிறாராம். பகலில் தூக்கம் குறைந்திருக்கிறது. இன்று மத்தியானம் வெங்காயம் உரித்துக் கொடுத்தார்.

அக்டோபர் 30.

பள்ளிக்குத் திரும்பினேன். பிள்ளைகள் பெயரெல்லாம் ஞாபகம் வருகிறது. வராமல் இருந்தால் தேவலை என்று இருக்கிறது. சின்னாயி பெயரைக் கூப்பிட்டேன். பக்கத்துப் பெண் இடித்த பிறகுதான் எழுந்தாள்.

நவம்பர் 9.

தூக்கம் வந்த பிறகு எல்லாம் தெளிவாக இருக்கிறது. அந்தச் சத்தமும் தெளிவாக இருக்கிறது. முன்பு எல்லாம் புகைக்குள் நடந்தது போல் இருந்தது; அதில் ஒளிந்துகொள்ள முடிந்தது.

உதவிச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்பு கொடுத்தார். அபராதமாக, ஐம்பத்துமூன்று மணிகள் கொண்ட செபமாலையைச் சொல்லச் சொன்னார். எழுந்து வெளியே வந்தபோதே தெரிந்துவிட்டது, மன்னிக்க வேண்டியவள் ஜவ்வரிசி ஆலையில் இருக்கிறாள் என்று.

நவம்பர் 20. திங்கள்.

பெருமாயியே வகுப்பு வராந்தாவுக்கு வந்தாள், ஆலையிலிருந்து திரும்புகிற வழியில். புடவையெல்லாம் மாவு.

"ஏனுங்க டீச்சரம்மா, புள்ளைக்குக் காதுல சீழா வருதுங்க. கூப்புட்டாத் திரும்ப மாட்டீங்கறா. கொழாயடியில உழுந்ததுக்கு இப்பிடி ஆகுங்களா? உங்களுக்கு ஆஸ்பத்திரியில தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு..."

"விழலை பெருமாயி" என்றேன். "நான் அடிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. திருப்பிச் சொன்னேன். தூங்கிக்கொண்டிருந்தாள், அடித்தேன். நான் தூங்கி நாளாகியிருந்தது, ஆனால் அதை உன் பிள்ளை எதற்குச் சுமக்க வேண்டும்?

புடவை மாவைத் தட்டிவிட்டாள். பிறகு கேட்டாள்: "அவ எதுக்குங்க எங்கிட்டப் பொய் சொன்னா?"

"என்னைப் பாத்துப் பயந்து."

"இல்லீங்க. அவளுக்கு உங்களைப் புடிக்குமுங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வந்துரும்னு சொல்லீருப்பா."

அதை அவள் கோபமாகச் சொல்லியிருக்கலாம். அடித்திருக்கலாம். சும்மா சொன்னாள். பிறகு, "நீங்க போங்க. என்னால இப்ப உங்க மூஞ்சியப் பாக்க முடியாதுங்க" என்றாள். அது என் பள்ளிக்கூடம், என் வகுப்பு வராந்தா. நான்தான் போனேன்.

நவம்பர் 21.

மதரிடமும் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று நினைத்தேன். "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னாயி வரவில்லை.

டிசம்பர் 4.

சின்னாயி இன்றும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் காது வைத்தியரைப் பார்க்கச் சீட்டு வாங்கினேன். பெருமாயி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சடையன் வாசலில் நின்று, "உள்ள வராதீங்க" என்றார். சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

1962, பிப்ரவரி 9. வெள்ளி.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் பெருமாயியும் சின்னாயியும் வருவார்கள் என்று தெரியும். பெருமாயி பார்த்தாள். துரத்தவில்லை. வெளியே வரும்போது தானாகவே என்னிடம் வந்தாள்.

"சீழ் நின்னுபோச்சுங்க. ஜவ்வு கிழிஞ்சது கிழிஞ்சதுதானாம். உள்ளயும் கெட்டுப்போச்சாம். அந்தக் காது வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க."

சின்னாயி உதிர்ந்த வேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் உயர்ந்திருக்கிறாள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. இது வேறு தூக்கமின்மை. இதற்கு யாரையும் ஆள் பிடிக்க முடியாது.

மார்ச் 18.

பத்து நாள் முன்பு இவருக்குக் காவல் கொட்டகையில் வலிப்பு வந்தது. செங்கோடன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். டாக்டரம்மா மருந்து கொடுத்தார். இனி இப்படி அடிக்கடி வரலாம் என்றார். ஒரு வாரம் நான் கூடவே விழித்திருந்தேன். கந்தம்மாள் வந்து, "பாதி ராத்திரி நீங்க, பாதி ராத்திரி நானு" என்று பாயை விரித்துவிட்டாள். மறுக்காமல் படுத்தேன்.

ஜூன் 4. திங்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது. என்னை நான்காம் வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்துக்கும் தையலுக்கும் போட்டிருக்கிறார்கள். மதர் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பத்து மணிக்குப் பெருமாயி சின்னாயியைக் கையில் பிடித்துக்கொண்டு நூலக வாசலில் வந்து நின்றாள். ஐந்தாம் வகுப்பில் சேர்த்திருக்கிறாளாம். ஆலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"புது டீச்சருக்குத் தெரியாதுங்க. எடது பக்கமிருந்து கூப்புட்டாக் கேக்காது. கவனிக்கலைன்னு அடிச்சுப்போடுவாங்க. நீங்களே வந்து சொல்லிப்போடுங்க."

"சரி பெருமாயி."

"எப்பிடிக் கேக்காமப் போச்சுன்னும் சொல்லுங்க."

மூன்று பேரும் நடந்தோம். ஐந்தாம் வகுப்பு டீச்சர் புதிதாக வந்த பெண், இருபத்திரண்டு இருக்கும். பிள்ளைகளெல்லாம் எழுந்து நின்றார்கள். போன வருஷத்து என் பிள்ளைகள். வெளியே கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். பெருமாயி வகுப்புக்குள்ளேயே நின்றாள், நகரவில்லை.

சொன்னேன். இவளுக்கு இடது காது கேட்காது. நான் அறைந்ததால். இவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

புது டீச்சர் என்னையும் பெருமாயியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சின்னாயியை முன்பெஞ்சில் இடது ஓரத்தில், வலது காது வகுப்பைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தாள். பெருமாயி அதைச் சரிபார்த்தாள். பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று, மெதுவான குரலில், "சின்னாயி" என்றாள். மகள் திரும்பினாள்.

"வாரேனுங்க" என்றாள் பெருமாயி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நானும் வாசல்வரை கூடப் போனேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.